பீரோவுக்குள் போன எலிப் புத்தகம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த டிசம்பர் மாதம். கிரிவலப் பாதையை ஒட்டின ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு டீச்சர். ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர் எல்லாம் வேண்டாம். இந்தக் கதையில் தலைகுனிய வேண்டியவள் நான் ஒருத்திதான், அதனால் என் பெயரும் வேண்டாம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. கோபமும் கம்மி இல்லை. ஆனால் புத்தகம் என்றால் உயிர். பக்கத்தின் முனையை மடக்கி வைக்கிற பிள்ளை என்னிடம் மாட்டினால் அவ்வளவுதான். "உன் காத இப்படி மடக்கி வெச்சா சும்மா இருப்பியா?" என்று ஆரம்பித்தேன் என்றால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன். வகுப்பின் பின்சுவரில் இரண்டு ஆணி அடித்து, நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தேன். அதுதான் எங்கள் வகுப்பு நூலகம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதில் எனக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையை ஓர் அம்மா வந்து ஐந்தே நிமிஷத்தில் இறக்கி வைத்தார். சென்னையில் ஏதோ ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் மலை சுற்றி நடக்கும்போது எங்கள் பள்ளியைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கயிற்றில் தொங்கின புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாராட்டப்போகிறார் என்று நானும் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "இந்தக் கயித்துல ராஜா இருக்கார். நரி இருக்கு. டைனிங் டேபிள்ல உக்காந்து பிரெட் சாப்பிடுற பசங்க இருக்காங்க. உங்க கிளாஸ்ல இருக்கிற பசங்க எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வந்ததும் வராததுமாகக் குறை சொல்ல இவர் யார் என்று தோன்றியது. சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு கயிற்றின் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் வகுப்பில் முப்பத்தோரு பேர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் சுக்குக் காப்பி விற்கிற வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு வருகிற பிள்ளை உண்டு. காதில் மெஷின் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பையன். அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அத்தை வீட்டில் வளர்கிற ஒரு பெண். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். அந்த அம்மா சொன்னது சரிதான். இவர்களில் ஒருத்தர்கூட அந்தக் கயிற்றில் இல்லை.

அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்குப் போன் பண்ணி அதைச் சொன்னேன். சண்டைக்கு வருவேன் என்று நினைத்திருந்தாராம், சிரித்தார். பதினைந்து நாளில் ஓர் ஆட்டோவில் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. நாற்பது புத்தகம் இருக்கும், எல்லாம் அவர் தேடித்தேடி வாங்கினது.

பெட்டியைப் பிரித்த நாள் வகுப்பே சந்தைக் கடை ஆகிவிட்டது. ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து எடுத்தார்கள். நானும் அன்றைக்கு அதட்டவில்லை. அந்த அமளியில்தான் அவளைக் கவனித்தேன். ஏரிக்கரையிலிருந்து வருகிற மூன்று பேரில் ஒருத்தி. ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பில் இருக்கிறாள், அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட கையைத்தான் தூக்குவாள். வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அவள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்திருந்தாள். அட்டையில் அறுவடை முடிந்த வயல், ஒரு அப்பா, ஒரு சின்னப் பெண், வரப்பில் ஒரு எலி வளை. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "ஏய், இதோ பாரு, பானைல பொகை போடறாங்க," என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆறு மாதமாக வாயைத் திறக்காத பெண்! ஆறாவது பக்கம் போகும்போது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. புத்தகத்தைப் பெட்டியில் பத்திரமாக மேலே வைத்துவிட்டுப் போனாள்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் அதை எடுத்துப் பார்த்தேன். அப்பாவும் மகளும் வயலுக்குப் போகிறார்கள். வளைக்குள் புகை போடுகிறார்கள், எலி பிடிக்கிறார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லைத் தோண்டி எடுக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அடுப்பைச் சுற்றி மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது. எலிக்கறி வேகிறது. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

படக்கென்று புத்தகத்தை மூடினேன். அருவருப்பு இல்லை, சத்தியமாக. பயம்.

இந்த இடத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் வயலில் எலி ஜாஸ்தி ஆனால் என் அப்பா இருளர்களைத்தான் கூப்பிடுவார். என்னோடு அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி படித்தாள். அவள் எழுந்து நின்றால் நாங்கள் வாயைக் குவித்து "கீச் கீச்" என்போம். டீச்சர் திரும்பினால் நிறுத்திவிடுவோம். அதில் சத்தமாகக் கத்தினது நான். அஞ்சாவதோடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். எங்கள் கீச்சால்தான் நின்றாளா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

அதனால் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் என் காதில் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. இதைக் கயிற்றில் தொங்கவிட்டால் என் பிள்ளைகள் இவளைச் சும்மா விட மாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் வகுப்பு மூலையில் இருந்த ஸ்டீல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். நல்லது செய்கிறோம் என்ற வேகத்தில் இன்னும் இரண்டு புத்தகத்தையும் எடுத்து உள்ளே போட்டேன். ஒன்று, காது கேட்காத பையனைப் பற்றினது. இன்னொன்று, அம்மா வெளியூரில் இருக்கிற வீட்டைப் பற்றினது. பாவம், பிள்ளைகள் மனசு கஷ்டப்படுமே!

பாருங்கள் கூத்தை. என் வகுப்புப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு ஒரு புண்ணியவதி தேடி வாங்கிக் கொடுத்தார். அதில் சரியாக என் வகுப்புப் பிள்ளைகள் இருந்த புத்தகமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து நான் பூட்டி வைத்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் வந்ததும் அவள் நேராகக் கயிற்றிடம் போனாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். அடுத்த நாளும் அப்படியே. நான் நோட்டுத் திருத்துகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள் என் மேஜையிடம் வந்து நின்றாள். தானாக என்னிடம் வந்து அவள் பேசினது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், அந்த எலி புக்கு?"

"அது கிழிஞ்சி போச்சுமா," என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ, யோசிக்கக்கூட இல்லை.

"எவ்ளோ கிழிஞ்சிச்சி?"

"நெறையா. ஒட்டணும். டீச்சருக்கு டைம் இல்ல."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கயிற்றுப் பக்கமே போகவில்லை. அட்டெண்டன்ஸுக்கு மறுபடியும் கைதான் தூக்கினாள். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் நல்லதுக்குத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், வகுப்பு வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். ஒல்லியான ஆள். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு பூரிப்பு.

"வணக்கம் டீச்சர். நான் பாப்பாவோட அப்பா," என்றார். "எலி புக்கு கிழிஞ்சி போச்சாமே? ரெண்டு மூணு நாளா இதே பேச்சுதான், தூங்க உடல. உங்களுக்கு டைம் இல்லனு சொன்னீங்களாம். குடுங்க, நான் ஒட்டித் தரேன். சினிமா போஸ்டர் ஒட்டுற வேலை செஞ்சிருக்கேன், பசை நல்லா காய்ச்சுவேன்."

டப்பாவைத் திறந்து காட்டினார். மைதாப் பசை, வெதுவெதுப்பாக ஆவி வந்துகொண்டிருந்தது. "பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் லேசா போட்டுக்கிறேன். பசங்க கைய வாயில வெக்காம பாத்துக்குங்க," என்றார். மடியிலிருந்து மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒன்றைச் சுருட்டியபடி எடுத்தார். கரும்பு வெட்டுகிற வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு இதற்காகவே வேலைக்குப் போகவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

அதற்குள் பிள்ளைகள் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், எந்த புக்கு டீச்சர்? யாரு கிழிச்சா டீச்சர்?" முப்பது ஜோடிக் கண் என் மேல். நான் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், வேறு பிரதி கிடைத்துவிட்டது என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று தினமும் தொண்டை கிழியச் சொல்கிற டீச்சர், எல்லார் முன்னாலும் பொய்க்காரியாக நிற்கப் போகிறேன் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

"இருங்க, எடுத்தாறேன்," என்று பீரோவிடம் போனேன். பூட்டைத் திறந்து, கதவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். புத்தகம் புத்தம் புதுசாக என் கையில் இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தேன்.

கிழித்தேன்.

சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று கிழிக்கும்போது பலமாக இருமினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்தின் முனையை மடக்கினதுக்காகப் பிள்ளைகளை நிற்க வைத்து வசனம் பேசுகிறவள் நான். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு முழுப் பக்கத்தைக் குறுக்கே இரண்டாகக் கிழித்து, அதோடு ஒரு இருமலையும் போட்டேன்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழைய பேப்பரை விரித்திருந்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். வளைக்குள் அந்தச் சின்னப் பெண் கையை விடுகிற படத்தின் நடுவில் கிழிசல் ஓடியிருந்தது. அவர் விரல் நுனியால் அந்தக் கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "புதுக் கிழிசல். சுளுவா ஒட்டிக்கும்."

எனக்கு வேர்த்துக் கொட்டியது. டிசம்பர் மாதத்துக் குளிரில்!

அவர் குனிந்து வேலையைத் தொடங்கினார். அடி ஸ்கேல் ஒன்று கேட்டார். பிய்ந்த நார்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே விரலில் பசை தொட்டுத் தடவி, மெல்லிய காகிதத்தைப் பட்டையாகக் கத்தரித்து மேலே ஒட்டினார். ஸ்கேலால் நீவினார். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். படத்தின் இரண்டு பாதியும் மயிரிழை பிசகாமல் சேர்ந்துகொண்டன. மகள் மட்டும் அப்பாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை எட்டிப் பார்த்தபடி இருந்தாள்.

பசை காயட்டும் என்று காத்திருக்கும்போது அவர் மற்ற பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது, படம்தான் பார்த்தார். ஒரு படத்தில் நின்று, "அட, இது இன்னா இது!" என்று சிரித்தார்.

"இன்னாங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இங்க பொகை போடறாங்களே, மத்த வளைய அடைக்கவே இல்லயே! ஒரு எலிக்கு அஞ்சாறு வாசல் இருக்கும். முதல்ல அதெல்லாம் அடைக்கணும். இப்படிப் பொகை போட்டா எலி அந்தப் பக்கமா பூந்து செங்கம் போயி சேந்துடும்."

வகுப்பே சிரித்தது. அப்புறம் கேள்வி மேல் கேள்வி. வாசல் எங்கே என்று எப்படித் தெரியும்? பாம்பு இருந்தால்? வளைக்குள் நெல் எவ்வளவு இருக்கும்? அவர் பொறுமையாகச் சொன்னார். மண் ஈரமாக இருந்தால் எலி உள்ளே இருக்கிறது, காய்ந்திருந்தால் போய்விட்டது. வளை வாசலில் மண் வழவழவென்று இருந்தால் கை வைக்கக் கூடாது, பாம்பு போன தடம். நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், எனக்கே இதெல்லாம் தெரியாது. "எங்க கயனில மல்லாட்டைய ஃபுல்லா எலி துன்னுடுச்சி, வர்றீங்களா?" என்று வேர்க்கடலை போட்டிருக்கிற வீட்டுப் பையன் ஒருத்தன் அங்கேயே அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான்.

அப்போதுதான் நான் பயந்தது நடந்தது. பின்னால் நின்ற ஒரு பையன் எட்டி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டான். "ஐயே! எலிய துன்றாங்கடா!" என்றான். நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அப்பாவின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தை அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "ஆமா, துன்றோம். இதோ போட்டிருக்குது பாரு. உங்க ஊட்ல நண்டு துன்றதில்ல? அது சேத்துல கெடக்குது. எலி நெல்லு துன்னுது. எது சுத்தம்?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "எலிக்கு மசாலா போடுவீங்களா?" என்று கேட்டான்.

"போடாம?" என்றாள் அவள்.

அவ்வளவுதான், பேச்சு மசாலாவுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் நண்டுக்கு மிளகு போடுவார்கள், எங்கள் வீட்டில் நத்தைக்குப் பூண்டு போடுவார்கள் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பினார். "ராத்திரிக்கு மேல ரெண்டு தடி நோட்டு வெச்சி வையுங்க டீச்சர், சுருங்காது," என்றார். நான் அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் நடந்தேன். பிள்ளைகள் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் சொல்லிவிட்டேன்.

"புக்கு கிழியவே இல்லீங்க. நான் பாப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன். நீங்க வந்தப்பறம்தான் பீரோ பின்னால நின்னு நானே கிழிச்சேன்."

"தெரியும் டீச்சர்," என்றார். "கிழிஞ்சி நாலு நாள் ஆயிருந்தா நார்ல அழுக்கு ஏறியிருக்கும். இது வெள்ளையா இருந்துச்சி. நீங்க இருமனப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சி."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவர் கோபப்படுவார் என்று நின்றேன். அவர், "ஏன் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பசங்க பாப்பாவ பாத்து சிரிப்பாங்கனு பயந்துட்டேங்க."

அவர் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டார். "சிரிச்சாங்கதான். புக்கு இல்லாதப்பவும்தான் சிரிக்கிறாங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாது. அப்பெல்லாம் ஊட்டுக்கு வந்து அழுவும். இன்னிக்கு கையில புக்கு இருந்துச்சி, அத்த காட்டிப் பேசிடுச்சி." பிறகு சிரித்துக்கொண்டே, "நான் பாப்பாகிட்ட சொல்ல மாட்டேன். அதுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆறு மாதமாக வாயே திறக்காத பெண் என்று நான் நினைத்திருந்தேன். அவள் வீட்டில் போய் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாள். என் வகுப்பில் யாரோ அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், எனக்கு அதுவும் தெரியவில்லை. முப்பத்தோரு பேரையும் உள்ளங்கையில் வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

அவர் சொல்ல மாட்டேன் என்றாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் முதல் பீரியடிலேயே பிள்ளைகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னது, பூட்டி வைத்தது, கிழித்தது, இருமினது வரைக்கும். பீரோவைத் திறந்து மற்ற இரண்டு புத்தகத்தையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். பிறகு ஒரு வாலு எழுந்து, "அப்ப டீச்சருக்கு இன்னா பனிஷ்மெண்ட்?" என்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"அவளையே கேளுங்க, அவ புக்குதான்," என்றேன்.

அவள் எழுந்தாள். "டீச்சர் அந்தப் புக்க எல்லாருக்கும் சத்தமா படிச்சிக் காட்டணும்," என்றாள். "கடைசிப் பக்கம் வரைக்கும்."

படித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பாடம் வாசித்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி நாக்கு தடுமாறினதில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது என் காது தானாகவே வகுப்பின் மூலைகளுக்குப் போனது. யாரும் கீச்சென்று கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் படத்தை எட்டிப் பார்த்து, "அந்த அம்மா ரொம்ப அழகா இருக்காங்க டீச்சர்," என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு கயிறு ஒன்று மூன்றாகிவிட்டது. காது மெஷின் வைத்த பையன் அந்தக் காது கேட்காத பையனின் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் தரவே இல்லை, நானும் கேட்கவில்லை. அம்மா திருப்பூரில் இருக்கிற பெண் அவளுடைய புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பேய்க் கதைதான் வேண்டுமாம். சரி, அது அவள் இஷ்டம். யாருக்கு எது வேண்டும் என்று நானே முடிவு செய்கிற வேலையை விட்டுவிட்டேன். படத்தில் தப்பு இருந்தால் பிள்ளைகளே தாள் ஒட்டித் திருத்தி எழுதுகிறார்கள். அந்த எலிப் புத்தகத்தில், "மத்த வளையெல்லாம் அடைக்கணும்" என்று பென்சிலில் கொட்டை எழுத்தில் ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாள். யார் எழுத்து என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் கிறுக்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. சென்னை அம்மாவுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தப் படத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

அந்த எலிப் புத்தகப் பெண் இப்போது ஆறாவது படிக்கிறாள், வேறு பள்ளி. வழியில் பார்த்தால் அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே "டீச்சர்!" என்று கத்துகிறாள். அவள் அப்பாவையும் அவ்வப்போது பார்க்கிறேன். கரும்பு லோடு மேலே உட்கார்ந்து கை ஆட்டிவிட்டுப் போவார். அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் மறுபடி பேசினதே இல்லை.

என் பொய்யை நம்பி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். அது பொய் என்று கையில் தட்டுப்பட்ட பிறகும், என் பிள்ளைகள் முன்னால் என்னை டீச்சராகவே நிற்க விட்டார். இன்றைக்கும் வகுப்பில் தலை நிமிர்ந்து நிற்கும்போதெல்லாம், இது அவர் அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்று நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.